காபி – சா

ஷூவின் முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிட்டது.

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. நெம்புவதற்கு முள்கரண்டி ஒன்றைக்கூடக் கையோடு கொண்டு வந்திருந்தாள். அப்பா போட்ட முடிச்சை வெறும் விரலால் அவிழ்த்தவர்கள் அந்த வீட்டில் கிடையாது. இன்று கயிறு சொன்னபடி கேட்டது. இடது காலிலிருந்து ஷூவை உருவினாள். வலது கால் ஷூ நாற்காலிக்கடியில் கவிழ்ந்து கிடந்தது. அதைப் போட்டுக்கொள்ள அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

மூன்று மணி நேரமாக ஒற்றை ஷூவோடு கட்டிலில் கிடந்தார் அப்பா. மாமா தூக்கிப் படுக்க வைத்தார். டாக்டர் வந்து பார்த்து, எழுத வேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மாடி வீட்டு டீச்சர் போர்வை போர்த்தினார். ஷூவைக் கழற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் தொடவில்லை.

"காலைல யாருக்கோ போன் பண்ணினார்." அம்மா முன்னறையில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "அப்புறம் காபி அரைச்சார். பிளாஸ்க்ல ஊத்தினார். ஷூ போட உக்காந்தார். அவ்வளவுதான்."

ஐந்தே வாக்கியம். இது ஆறாவது தடவை. ஒரு வார்த்தை கூடவில்லை, குறையவில்லை.

யாருக்கோ. அந்த வார்த்தை வரும்போதெல்லாம் மகளின் கண் ஜன்னல் பக்கம் போயிற்று. அப்பாவின் போன் ஜன்னல் விளிம்பில் சார்ஜரில் இருந்தது. எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நாலு தடவை அதைக் கடந்து போய்விட்டாள். எடுக்கவில்லை.

அவள் சிட்டி பஸ் ஓட்டுபவள். பதினோரு நாள் தொடர்ந்து டியூட்டி. அதில் நாலு நாள் டபுள். பன்னிரண்டாவது நாளும் பதிமூன்றாவது நாளும் லீவு. அந்த இரண்டு நாளுக்குத்தான் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். வண்டி எடுத்து வந்து அவரை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போவதாக, அங்கே கூடாரம் போட்டு ஓர் இரவு தங்குவதாக.

நேற்று சாயங்காலம் டிப்போவிலிருந்து வெளியே வரும்போது கால் தரையில் பாவவில்லை. படி இறங்குகையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கேயே நின்று போன் போட்டாள்.

"அப்பா, நாளைக்கு டியூட்டி போட்டுட்டாங்கப்பா. ஆள் இல்லையாம்."

மறுமுனையில் பேப்பர் மடிக்கிற சத்தம். அப்புறம், "சரி பைலட். ஏரி எங்கயும் ஓடிப் போயிடாது."

பஸ் ஓட்டும் பெண்ணை அவர் பைலட் என்றுதான் கூப்பிடுவார். அவள் தனியாகத் தங்கியிருந்த வீட்டுக்குப் போய், போனை ஊமையாக்கித் தலையணைக்கடியில் தள்ளிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்தாள். காலையில் எழுந்து பார்த்தபோது மணி பத்து. அம்மாவிடமிருந்து பதினேழு அழைப்புகள்.

"டியூட்டியில இருந்தியா? போனே எடுக்கலியே," என்று கேட்டாள் அம்மா, அவள் கட்டிலருகே போய் நின்றதும்.

"ஆமாம்மா."

கட்டிலில் அப்பா. அவர் தலைமாட்டில் நின்றுகொண்டு இரண்டாவது பொய்.

*

அப்பா பாய்லர் ஃபிட்டர். ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் ஆலையில் முப்பத்தோரு வருஷம் நீராவிக் குழாய்களோடு மல்லுக்கட்டியவர். ஆவி கசிந்தால் ஆள் வெந்துபோவான் என்பதால், எதைப் பூட்டினாலும் கடைசியில் ஒரு அரைச் சுற்று கூடுதலாகக் கொடுப்பார். ஆலையில் அவருக்கு 'டைட் மாஸ்டர்' என்று பெயர். பெயரை மட்டும் கேட்டவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு சிரிப்பார்கள். அவர் வருஷத்தில் ஒரே ஒரு பாட்டில்தான் வாங்குவார்.

அந்த அரைச் சுற்று வீட்டுக்கும் வந்துவிட்டது. அவர் மூடிய குழாயை அம்மாவால் திறக்க முடியாது. ஜாடி, பாட்டில், மருந்து டப்பா, எதுவும். "மூடினவரே வந்து திறங்க!" என்று சமையலறையிலிருந்து நாளைக்கு நாலு தடவை குரல் வரும். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போவார். அந்த நடையில் ஒரு சின்ன கர்வம் இருக்கும்.

ஆலை இரைச்சலில் காது மந்தமாகிப்போன மனிதருக்கு ஏரிக்கரைதான் எல்லாம். அங்கே போனால் இரண்டே வேலை. விடிந்ததும் காபி. பொழுது சாய்ந்ததும் விஸ்கி.

காபிக்குக் கையால் சுற்றும் சின்ன மில் ஒன்று வைத்திருந்தார். ஒரு கோப்பைக்கு முப்பது சுற்று. எண்ணித்தான் சுற்றுவார். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. மிச்சம் வைக்கக் கூடாது, பற்றாமலும் போகக் கூடாது. தனியாகப் போகிற வருஷங்களில் முப்பதோடு மில் நின்றுவிடும்; அவளும் கூடப் போனால் அறுபது. ஏரிமேல் பனி கலைவதற்குள் முதல் வாய் குடித்தாக வேண்டும். குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். அவளும் பக்கத்தில் உட்காருவாள். ஒரு மணி நேரம் யாரும் வாயைத் திறப்பதில்லை. திறந்தாலும் அவருக்குப் பாதிதான் கேட்கும்.

விஸ்கிக்கு அவசரமே கூடாது. முதலில் முகர வேண்டும். அப்புறம் ஏரித் தண்ணீர், எண்ணி ஏழு சொட்டு. "முதல் மடக்கு நாக்குக்கு. ரெண்டாவது மடக்கு தோளுக்கு," என்பார், ஸ்பானர் பிடித்தே தேய்ந்துபோன வலது தோளைத் தடவிக்கொண்டு. மூன்றாவது மடக்கைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். அதைக் குடித்துவிட்டுத் தணலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவள் சின்னவளாக இருந்தபோது, "அது என்னப்பா?" என்று கேட்டாள். "சாயங்காலக் காபி," என்றார். வீட்டில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இரண்டு பிளாஸ்க். இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். ஒன்றில் 'காபி – கா' என்று ஒட்டுத்தாளில் எழுதியிருக்கும். வழியிலேயே விடிந்துவிட்டால் குடிப்பதற்கு. இன்னொன்றில் 'காபி – சா'. அவளுக்கு இருபத்தொரு வயதானபோது முதன்முதலாக அந்த இரண்டாவது பிளாஸ்க்கிலிருந்து ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தார். இருமிக்கொண்டே, "இது காபியே இல்லப்பா," என்றாள். "இத்தனை வருஷமா உனக்குத் தெரியாதாக்கும்," என்று சிரித்தார். பொய் அவருக்கு எப்போதும் உடனே தெரிந்துவிடும்.

போன வருஷம் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் வண்டி ஓட்டுவதில்லை. அதனால்தான் அவளைக் கேட்டார். எதையும் கேட்டு வாங்குகிறவர் இல்லை. இதைக் கேட்டார்.

அந்தப் பை இப்போது வாசற்படியோரம் இருந்தது. கூடாரம் சுருட்டிக் கட்டி, பக்கப் பையில் இரண்டு பிளாஸ்க்குகளும் தலையை நீட்டிக்கொண்டு. வருகிறவர்கள் எல்லோரும் அதைத் தாண்டித் தாண்டி வந்தார்கள்.

*

மின் மயானத்தில் மூன்று மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். தவறினால் நாளைக்குத்தான். மாமா அதற்கே அரை நாள் போனில் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியிருந்தார்.

"பாப்பா, ரெண்டு மணிக்கெல்லாம் வண்டி கெளம்பிடணும். நம்ம சைடுல லேட் ஆகக் கூடாது," என்றார். அம்மாவின் தம்பி. சலூன் வைத்திருக்கிறார். காலையில் அப்பாவுக்கு அவர்தான் முகம் மழித்துவிட்டார். "அத்தான் என் கையில ஒருநாளும் உக்காந்ததில்ல. 'நீ பேசிக்கிட்டே கழுத்த வெட்டிடுவே'ன்னு சொல்லுவார். இன்னைக்கு நான் வாயே திறக்கல." சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆலைக்காரர்கள் வந்தார்கள். துணி மடிக்கும் பெண்கள், பழைய சூப்பர்வைசர். ஒருவர் அப்பாவின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்தக் கை பூட்டின வால்வு ஒண்ணு இருக்கு. ஒன்பது வருஷமா நாங்க திறக்க முயற்சி பண்ணிக்கிட்டிருக்கோம்," என்றார். ஒருத்தி சிரித்துவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒன்றே கால் மணிக்கு, கேட்டைத் திறந்துகொண்டு வந்தார் டைம் கீப்பர்.

டிப்போவில் யார் எந்த வண்டி, யாருக்கு எப்போது லீவு என்று எழுதி வைக்கிறவர். காக்கிச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார். அம்மா முன்னறையில்தான் இருக்கிறாள். 'இன்னிக்கு லீவுதானே, நல்லவேளை' என்று இவர் ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஏறக்குறைய ஓடிப்போய்க் கேட்டருகிலேயே மடக்கினாள்.

"என்னம்மா இது... காலைலதானே பேசினேன் அவர்கிட்ட," என்றார் டைம் கீப்பர்.

அந்த 'யாருக்கோ' இவர்தான்.

"எத்தனை மணிக்கு சார்?"

"ஆறே முக்கால் இருக்கும். நான் அப்பதான் வந்து உக்காந்தேன். 'என் பொண்ணுக்கு டியூட்டி எப்ப முடியும்? முடிஞ்சதும் கெளம்பலாம்னு பாக்கறேன்'னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். முப்பது வருஷமாக டிரைவர்களின் காரணங்களைக் கேட்டுப் பழகிய முகம். அதில் மெல்ல ஏதோ புரிந்தது.

"எனக்கென்னம்மா தெரியும். சார்ட்டப் பாத்தேன். லீவுன்னு இருந்துது. லீவுன்னேன்."

"அதுக்கு?"

"'அப்படியா'ன்னார். அப்புறம், 'நான் கேட்டேன்னு அவகிட்ட சொல்ல வேணாம்'னார்." டைம் கீப்பர் தொப்பியைக் கையில் எடுத்துத் திருப்பினார். "சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்."

அதற்குப் பிறகு அவர் உள்ளே போனார், அம்மாவைப் பார்த்தார், எதுவும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார், வெளியே வந்தார். அவள் கேட்டிலேயே நின்றிருந்தாள். உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தெரிந்ததால் உட்காரவில்லை.

*

ஒன்றரைக்கு அமரர் ஊர்தி வந்தது. டிரைவர் ஐம்பது வயதுக்காரர். காலையிலிருந்து இது அவருக்கு மூன்றாவது வீடு. கண் இரண்டும் சிவந்திருந்தன. வாசல் நிழலில் ஒதுங்கி நின்று, "குடிக்க ஏதாவது சூடா கிடைக்குமாம்மா? பால் இல்லாட்டியும் பரவால்ல," என்று டீச்சரிடம் கேட்டார்.

பால் மட்டுமல்ல, சமையல் காஸும் தீர்ந்துபோயிருந்தது. டீச்சர் இப்படியும் அப்படியும் பார்த்தார். வாசற்படியோரம் பை. பையில் பிளாஸ்க். அதில் காபி என்று நல்ல தமிழில் எழுதியே வைத்திருக்கிறது.

ஒரு டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுத்தார். மூக்கடைப்பு வேறு டீச்சருக்கு, நாலு நாளாக. டிரைவர் அண்ணாந்து ஒரே மடக்கில் பாதியைக் கவிழ்த்தார்.

அப்படியே நின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. பதறி ஓடிவந்தார் மாமா.

"என்னய்யா, என்ன ஆச்சு?"

"அண்ணே..." டிரைவருக்குக் குரல் வர நேரமாயிற்று. "இது காபி இல்லீங்க."

மாமா டம்ளரை வாங்கி முகர்ந்தார். டீச்சரைப் பார்த்தார். "டீச்சர்! அது சாயங்காலக் காபி!"

"எந்தக் காபியா இருந்தா என்ன, காலைல போட்டதுதானே?"

"ஐயோ, சரக்கு டீச்சர்!"

டீச்சருக்கு முகம் வெளிறிவிட்டது. "கா, சான்னு போட்டிருந்துது. சான்னா சாதா காபியாக்கும்னு நெனச்சேன்ப்பா. கா-ன்னா ஏதோ காரமா போட்டிருப்பார்னு அத விட்டுட்டேன்."

ஆலைக்காரர்களில் ஒருவருக்குத் தாங்கவில்லை. கைக்குட்டையால் வாயை அடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க. நல்ல சரக்கு. இப்படி ஒண்ணு நான் குடிச்சதே இல்ல. ஆனா இனிமே நான் ஸ்டியரிங்கத் தொட மாட்டேன். குடிச்சுட்டு இருபத்திரண்டு வருஷமா தொட்டதில்ல. கம்பெனியில போனதும் ஊதிக் காட்டணும்."

"வேற ஆள்?"

"வரச் சொல்லலாம். ரெண்டு மணி நேரமாவது ஆகும்."

மாமா தலையில் கை வைத்தார். மூன்று மணி.

"நான் என்னத்தக் கண்டேன்," டீச்சர் அழுகிற மாதிரி ஆகிவிட்டார். "மூடி இறுக்கமா இருந்திருந்தாலாவது விட்டிருப்பேன். தொட்டதுமே திறந்துக்கிச்சு."

கைக்குட்டைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"தொட்டதுமேயா?" என்றார் மாமா.

"ஆமா. சும்மா மேல வச்ச மாதிரிதான் இருந்துது."

அவள் உள்ளங்கையில் அந்த ஷூக் கயிறு மறுபடி நெகிழ்ந்தது. ஒரே இழுப்பில்.

அம்மா நிலைப்படியில் வந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவரைப் பற்றிக் காலையிலிருந்து சொன்ன ஐந்து வாக்கியத்துக்கு அப்பால் முதன்முதலாக வேறொன்று சொன்னாள்.

"ரெண்டு வாரமா எல்லா மூடியையும் நானேதான் திறந்துக்கறேன். ஒரு தடவகூட அவரைக் கூப்பிடல." தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். "என் கைக்குப் பலம் வந்துடுச்சுன்னு நெனச்சேன்."

தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

அவள் டிரைவர் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க அண்ணே. எனக்கு ஹெவி லைசென்ஸ் இருக்கு."

"அதெப்படிம்மா... பெத்த அப்பாவ..."

"நீங்க பக்கத்துல உக்காருங்க. வண்டி பேப்பர் எல்லாம் உங்ககிட்ட இருக்கட்டும்."

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா அவளை மட்டும் பார்த்தாள். கிட்டே வந்து, முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்து அவள் இடது கன்னத்தைத் துடைத்துவிட்டாள். ஒரே இடத்தை இரண்டு தடவை.

"தலகாணி மடிப்பு. காலைல நீ வந்தப்ப இங்கதான் இருந்துது," என்றாள். "முகத்தக் கழுவிட்டுப் போய் ஓட்டு."

அவளால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அந்தப் பையையும் வண்டியில போடு. வாசல்ல தடுக்குது."

*

வண்டி கனமில்லை. அவளுடைய பஸ்ஸில் பாதிதான். கிளட்ச் கொஞ்சம் மேலே பிடித்தது; இரண்டாவது திருப்பத்துக்குள் அது பழகிவிட்டது. பின்னால் மாமாவும் ஆலைக்காரர்கள் இரண்டு பேரும். அம்மாவும் டீச்சரும் வேறு காரில்.

பஸ் ஓட்டப் பழகின புதிதில் அப்பா அவள் வண்டியில் ஒருநாள் கடைசி ஸ்டாப் வரைக்கும் வந்தார். இறங்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "பிரேக்க மிதிக்காதே. நிக்கணும்னு முன்னாடியே நெனச்சுக்கோ."

நினைத்துக்கொண்டாள். ஒவ்வொரு சிக்னலுக்கும் முன்னாடியே நினைத்துக்கொண்டாள். பின்னால் எதுவும் அசையவில்லை.

மேம்பாலம் இறங்கியதும் சாலை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் ஏரிக்கரை. அறுபத்தெட்டு கிலோமீட்டர் என்று பலகையில் போட்டிருந்தது. அவள் கை தானாகவே இடது இண்டிகேட்டரைத் தட்டிவிட்டது.

"வலதும்மா," என்றார் டிரைவர் மெதுவாக.

"தெரியும்."

மாற்றிப் போட்டாள். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். வலது பக்கம் திரும்பினாள்.

"நல்ல மனுஷனா இருந்திருக்கணும்," என்றார் டிரைவர் கொஞ்ச தூரம் போனதும். "அந்த மாதிரிச் சரக்க அவசரமா குடிக்கிறவங்க வாங்க மாட்டாங்க."

"ஏழு சொட்டுத் தண்ணி விடணும்," என்றாள்.

"அப்படியா?" என்றார் அவர். உண்மையாகவே வருத்தப்பட்ட மாதிரி இருந்தது.

இரண்டு ஐம்பதுக்கு மயானத்துக்குள் வண்டி நுழைந்தது. பத்து நிமிஷம் முன்னாடி. டைம் கீப்பர் இருந்திருந்தால் எழுதி வைத்திருப்பார்.

*

எல்லாம் முடிய ஒரு மணி நேரம் ஆகும், காத்திருங்கள் என்றார்கள். அம்மா சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து மாமாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். டிரைவர் மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தவர் அந்த நிமிஷமே குறட்டை விட ஆரம்பித்தார். அவள் வண்டியில் ஏறி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். வேறெங்கும் உட்காரத் தெரியவில்லை.

பை பக்கத்துச் சீட்டின் காலடியில் இருந்தது. அதில் எப்போதும் போல ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு எவர்சில்வர் கோப்பைகள். அவற்றை வெளியில் எடுத்துப் பிரித்தாள். 'காபி – கா' என்று எழுதிய பிளாஸ்க்கை எடுத்தாள். பழக்க தோஷத்தில் அதை முழங்காலுக்கிடையில் இடுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் மூடியைப் பற்றினாள்.

மூடி சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. கை வெறுமனே நழுவியது.

முதல் கோப்பையில் ஊற்றினாள். பாதிச் சூடு போயிருந்தது, மணம் போகவில்லை. தனியாகப் போகிற நாளின் முப்பது சுற்று அதோடு முடிந்திருக்க வேண்டும். கோப்பை விளிம்பு தொட நிறைந்தது. நிமிர்த்தினாள்.

பிளாஸ்க் இன்னும் கனத்தது.

ஆட்டிப் பார்த்தாள். உள்ளே சளக்கென்று ஒரு சத்தம்.

*காலைல யாருக்கோ போன் பண்ணினார். அப்புறம் காபி அரைச்சார்.*

இரண்டாவது கோப்பையை மடியில் வைத்துப் பிளாஸ்க்கைச் சாய்த்தாள். முதல் கோப்பை அளவுக்கே வந்தது. கடைசிச் சொட்டு விழுந்தபோது சரியாக விளிம்பு. அதற்கு மேல் பிளாஸ்க்கில் ஒன்றும் இல்லை.

தளும்பாமல் அதை எடுத்து, பக்கத்துச் சீட்டுக்கு நேராக, கண்ணாடியோரம் வைத்தாள். மெல்லிய ஆவி எழுந்து கண்ணாடியில் ஒரு கையகலத்துக்குப் பனி படிந்தது. துடைப்பதற்கு அவள் கை வழக்கம்போல் டேஷ்போர்டில் கிடந்த துணிக்குப் போயிற்று. எடுத்தாள். பின் அதை நாலாக மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத் தன் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.